கேபினுக்குள் மைக்கும் ஸ்பீக்கரும்: எந்த இணைப்பு நமக்குச் சரி?

பெங்களூரில் கே.ஆர்.புரம், ராமமூர்த்தி நகர், எஜிபுரா பக்கமெல்லாம் பதினைந்து, இருபது வருடத்துக்கு முன்னால் கட்டிய அடுக்குமாடிகளில் இப்போது லிஃப்டைப் புதுப்பிக்கும் பேச்சு நடக்கிறது. கதவு, கன்ட்ரோலர், கயிறு, கரண்ட் போனால் லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோகும் ஏஆர்டி என்று அசோசியேஷன் கூட்டத்தில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். அவசர இண்டர்காம் என்று வந்தால் மட்டும் "அதையும் ஒண்ணு மாத்திடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவருக்குக் கைக்கு எட்டும் ஒரே உதவி அதுதான். செல்போன் இருக்கிறதே என்பார்கள். கான்கிரீட் ஷாஃப்டுக்குள் எஃகுப் பெட்டி. சிக்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம். பள்ளிவிட்டு வரும் குழந்தையிடமும், குப்பை போட இறங்கும் பாட்டியிடமும் போனே இருக்காது.

எங்களுடையது பன்னிரண்டு மாடி, இரண்டு லிஃப்ட். ஒலிபெருக்கி, இண்டர்காம் வேலையில் நான் பல வருடம் இருந்தவன் என்பதால், வந்திருக்கும் விலைப்பட்டியல்களை ஒப்பிட்டு முடிவு சொல்லும்படி கமிட்டியில் கேட்டார்கள். அதற்காகச் சேர்த்த விவரங்களையும், எதன்மேல் சாய்ந்தேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்ற குடியிருப்புகளுக்கும் பயன்படும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லா விலைப்பட்டியலும் அழைப்பு எங்கே போகும் என்பதை வைத்தே பிரிக்கப்பட்டிருக்கிறது: செக்யூரிட்டி அறைக்கா, டெலிபோன் லைனுக்கா, சிம் வழியாகவா, இன்டர்நெட் வழியாகவா என்று. அது முக்கியம்தான். ஆனால் உள்ளே இருப்பவர் பேசுவது வெளியே புரியுமா என்பதை முடிவு செய்வது வேறு இடம். கேபினுக்குள் மைக் எதனோடு, எவ்வளவு நீளக் கம்பியில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதே அது. அந்த முனை கெட்டால், வெளியே எவ்வளவு விலையுயர்ந்த கருவி வைத்தாலும் கேட்பது இரைச்சல்தான். ஆகவே கேபின் முனையிலிருந்து தொடங்குகிறேன்.

கேபின் முனையில் மூன்று வழிகள்

பழைய வழி, ஸ்பீக்கரையே மைக்காகவும் வைத்துக்கொள்வது. ஸ்பீக்கரின் கூம்பைக் குரல் அசைத்தால் அதன் சுருளில் சிறிய மின்சாரம் பிறக்கும். செக்யூரிட்டி தன் பக்கத்துப் பட்டனை அழுத்தினால் அவர் பேச்சு கேபினுக்குப் போகும். விட்டால் கேபின் பேச்சு அவருக்கு வரும். இரண்டே கம்பி. கேபினில் பழுதாக எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறந்திருக்கும் என்பதால் ஊளைச் சத்தத்துக்கு வழியே இல்லை. உள்ளே இருப்பவர் எதையும் பிடித்துக்கொண்டே பேச வேண்டியதில்லை என்பது இதன் பெரிய நல்ல குணம். எட்டு ஓம் என்ற குறைந்த மின்தடை இருப்பதால் பக்கத்துக் கம்பிகளின் மின்னழுத்தமும் இதில் எளிதில் ஏறாது. மட்டமானது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. எத்தனையோ கட்டடங்களில் வருடக்கணக்காக உழைத்திருக்கிறது.

ஆனால் குறைகளும் உண்டு. கனமான கூம்பு, 'ச', 'த', 'ட' போன்ற கூர்மையான ஒலிகளைச் சரியாகப் பிடிக்காது. குரல் மட்டும் கேட்கும், சொல் கலங்கிப்போகும். அடுத்தது, பட்டனை எப்போது விட வேண்டும் என்று செக்யூரிட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆள் அடிக்கடி மாறும் வேலை அது. பதற்றத்தில் பட்டனை அழுத்தியபடியே நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் அவருக்குக் கேட்காது.

இரண்டாவது வழி, கேபினில் தனி மைக், தனி ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபயர் மட்டும் மெஷின் ரூமிலோ செக்யூரிட்டி அறையிலோ. எங்களுக்கு வந்த ஒரு விலைப்பட்டியல் இப்படித்தான் இருந்தது. பார்க்க வந்த டெக்னீஷியன் தம்பி, "சார், ட்ராவலிங் கேபிள்ல நாலு வயர் சும்மா கெடக்கு. ரெண்டு ஸ்பீக்கருக்கு, ரெண்டு மைக்குக்கு. வேலை முடிஞ்சுது" என்றார். ட்ராவலிங் கேபிள் என்பது கேபினோடு ஏறி இறங்கும் பட்டைக் கேபிள். கேட்க எளிதாக இருக்கிறது. எனக்கு இதில்தான் கடும் மறுப்பு.

மூன்றாவது, கேபின் பேனலுக்குப் பின்னாலேயே ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர் பலகை. மைக்கும் ஸ்பீக்கரும் சாணளவு கம்பியில் அதோடு சேர்ந்துவிடும். அங்கிருந்து வெளியே போவது இரண்டு மின்சாரக் கம்பி, இரண்டு ஒலிக் கம்பி. இதுவும் நான்கே கம்பிதான். கம்பி எண்ணிக்கை மாறவில்லை. அதில் என்ன ஓடுகிறது என்பதுதான் மாறுகிறது.

ஏன் இரண்டாவது வேண்டாம்

ஸ்பீக்கர் கம்பியை முதலில் பார்ப்போம். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 26 ஓம் மின்தடை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து கேபின் நூறு மீட்டர் தள்ளி இருந்தால் போக நூறு, வர நூறு, 5.2 ஓம் சேர்கிறது. எட்டு ஓம் ஸ்பீக்கர் என்றால், கம்பியே இல்லாதிருந்தால் கிடைக்கும் சக்தியில் 37 சதவீதம்தான் வந்து சேரும். பயப்பட வேண்டாம், காதுக்கு இது பெரிய இழப்பு இல்லை. நாலு டெசிபலுக்குக் கொஞ்சம் மேல். அதே இடத்தில் 32 ஓம் ஸ்பீக்கர் போட்டால் 74 சதவீதம் வந்துவிடும். நீளக் கம்பிக்கு அதிக ஓம் ஸ்பீக்கர் நல்லது என்பது இதனால்தான்.

செக்யூரிட்டி அறைவரை அரை மில்லிமீட்டர் டெலிபோன் கம்பி இழுத்திருந்தால் கதை வேறு. அதற்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 88 ஓம். நூறு மீட்டருக்குப் போக வர 17.6 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு சக்தி. காதுக்குச் சத்தம் பாதியாகத் தெரியும். ஆகவே "பழைய வயரிங்கையே பயன்படுத்திக்கொள்வோம்" என்று யாராவது சொன்னால் அது எந்தக் கம்பி என்று கேளுங்கள்.

ஸ்பீக்கர் பக்கம் இப்படிக் கொஞ்சம் இழந்தாலும் சமாளிக்கலாம். மைக் பக்கம் அப்படி இல்லை. சாதாரண எலக்ட்ரெட் மைக்குக்கு அரை மீட்டர் தள்ளி நின்று ஒருவர் இயல்பாகப் பேசினால் அது தரும் சிக்னல் அரை மில்லிவோல்ட் அளவு. பயந்துபோய்க் கேபினின் எதிர் மூலையில் உட்கார்ந்து பேசும் பாட்டியின் குரலுக்கு அதிலும் குறைவு. அந்த அரை மில்லிவோல்ட் எந்த வழியாகப் போகிறது? கேபினோடு ஏறி இறங்கும் பட்டைக் கேபிளுக்குள்ளே, 230 வோல்ட் விளக்கு, ஃபேன் கம்பிகளுக்கும் கதவு மோட்டார் கம்பிகளுக்கும் பக்கத்திலேயே. மேலே மெஷின் ரூமில் மோட்டாரை ஓட்டும் வி.வி.வி.எஃப் டிரைவ் நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புகிறது. பெரும்பாலான பட்டைக் கேபிள்களில் கம்பிகள் முறுக்கிக்கொள்ளாமல் பக்கம் பக்கமாக நேராக ஓடுகின்றன, இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையான ஷீல்டும் கிடையாது. நூறு மீட்டர் இப்படி ஓடி வந்த அரை மில்லிவோல்ட்டை ஆம்ப்ளிஃபயர் ஆயிரம் மடங்கு பெருக்கும்போது, கூடவே ஏறிக்கொண்ட 50 ஹெர்ட்ஸ் ஹம் என்ற முனகலும் டிரைவின் கீச்சொலியும் அதே ஆயிரம் மடங்கு பெருகும். பிறகு எந்த வால்யூமைத் திருப்பியும் பயனில்லை.

கேபினிலேயே பெருக்கிவிட்டால் கம்பியில் போவது அரை மில்லிவோல்ட் அல்ல, அரை வோல்ட். வழியில் சில மில்லிவோல்ட் இரைச்சல் சேர்ந்தால்கூட காதுக்குப் பெரிதாகத் தெரியாது. அந்த இரண்டு ஒலிக் கம்பிகளும் இரு முனையிலும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகச் சமநிலை லைனாகப் போனால் இன்னும் நல்லது. இரண்டிலும் ஒரேபோல ஏறும் இரைச்சல் கடைசியில் கழிந்துபோகும். மைக்கின் சிக்னலைப் பிறந்த இடத்திலேயே பெரிதாக்கு என்பது ஒலிபெருக்கி வேலையில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். லிஃப்டில் அது இரண்டு மடங்கு பொருந்தும்.

ட்ராவலிங் கேபிளையே மாற்றப்போகிறீர்கள் என்றால், ஷீல்டு போட்ட முறுக்குக் கம்பி ஜோடி ஒன்றிரண்டு உள்ள கேபிளைக் கேட்டு வாங்குங்கள். அப்போது இரண்டாவது வழிகூட ஓரளவுக்கு நடக்கும். ஷீல்டை ஆம்ப்ளிஃபயர் இருக்கும் ஒரு முனையில் மட்டும் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். இரண்டு முனையிலும் சேர்த்தால் அதுவே ஒரு வளையமாகி, ஹம்மைத் தானே வரவழைக்கும்.

இணைக்கும்போது கெடும் இடங்கள்

"புது மைக் போட்டோம், வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பாலும் மைக் கெட்டிருக்காது. எலக்ட்ரெட் மைக்குக்குள் ஒரு சிறு டிரான்சிஸ்டர் இருக்கிறது. அதற்கு ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சில வோல்ட் டிசி போக வேண்டும். அந்த ரெசிஸ்டர் இரண்டு கிலோ ஓம் அளவில் இருப்பது வழக்கம். பிளஸ், மைனஸ் உண்டு; உலோக உறையோடு சேர்ந்திருக்கும் முனை மைனஸ். மாற்றிக் கட்டினால் பேசாது, அல்லது முனகும். சுருளால் வேலை செய்யும் டைனமிக் மைக்குக்கு இந்த டிசி தேவையில்லை. கொடுத்தால் சுருளை ஒரு பக்கமாகத் தள்ளி ஒலியைக் கெடுக்கும். ஒன்றுக்கான டெர்மினலில் இன்னொன்றை மாட்டுவதுதான் எஸ்.பி. ரோட்டில் உதிரி வாங்கிப் போடும்போது அடிக்கடி நடப்பது. வாங்கும் முன் பழைய மைக் எந்த வகை என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

ஸ்பீக்கர் பக்கமும் ஒரு எச்சரிக்கை. இப்போதைய சிறு ஆம்ப்ளிஃபயர் ஐசிகள் பலவற்றில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சிக்னல் ஓடும். எதுவும் கிரவுண்ட் கிடையாது. பழைய பழக்கத்தில் ஸ்பீக்கரின் மைனஸைக் கேபின் உடலோடு சேர்த்தால் ஐசி போய்விடும். கூரையில் இன்னொரு ஸ்பீக்கர் வேண்டும் என்று எட்டு ஓம் இரண்டை இணையாகக் கட்டினால் நாலு ஓம் ஆகும். ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்குமா என்று பார்த்தபிறகே கட்ட வேண்டும்.

அப்புறம் ஊளை. கல்யாண மண்டபத்தில் மைக் ஸ்பீக்கரைப் பார்த்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். லிஃப்ட் கேபினில் மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே ஸ்டீல் பேனலில் இருக்கின்றன. சுற்றிலும் எஃகுச் சுவர், ஒலி உறிஞ்ச எதுவுமில்லை. ஆனால் கேபின் பலகை தன் மைக்கின் ஒலியைத் தன் ஸ்பீக்கருக்கே விடாத வகை என்றால், ஊளை வரக் கேபின் முனை மட்டும் போதாது. ஒலி கேபினில் தொடங்கி, செக்யூரிட்டி அறையின் ஸ்பீக்கரிலிருந்து அங்கிருக்கும் மைக்குக்குப் போய், மறுபடி கேபினுக்கு வர வேண்டும். அந்த வளையத்தை ஏதாவது ஓரிடத்தில் வெட்டினால் போதும். எனக்குத் தெரிந்த மலிவான, உறுதியான வெட்டு இதுதான்: செக்யூரிட்டி பக்கம் கையில் எடுத்துப் பேசும் ரிசீவர். காதோடு ஒட்டியிருக்கும் ரிசீவரின் ஒலி அதன் மைக்குக்குத் திரும்பிப் போவது மிகக் குறைவு. கேபின் பக்கம் எந்தப் பட்டனும் பிடிக்காமல் இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம். செக்யூரிட்டி அறையிலும் மேசைமேல் ஸ்பீக்கர் வைத்த அழகான கன்சோலைத்தான் விற்பனைக்காரர்கள் முதலில் காட்டுகிறார்கள். ஒரு பக்கம் தமிழ்ச் சீரியல் ஓட, மறுபக்கம் டெலிவரி பையன்கள் பெயர் எழுத, நடுவில் அந்தக் கன்சோல். ரிசீவரே மேல்.

இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்தான் என்றால், எந்தக் குரல் பெரிதோ அதற்கு வழிவிடும் சர்க்யூட் வேண்டும், அல்லது எதிரொலியைக் கணக்கிட்டுக் கழிக்கும் டிஜிட்டல் பலகை வேண்டும். முதல் வகையில் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. கேபினில் ஃபேன் ஓடுகிறது. கரண்ட் போகாமல் வேறு பழுதால் லிஃப்ட் நின்றிருந்தால் ஃபேன் நிற்காது. அந்த இரைச்சலையே குரல் என்று எடுத்துக்கொண்டு சர்க்யூட் கேபின் பக்கமே திறந்து கிடக்கும்; செக்யூரிட்டி "பயப்படாதீங்க" என்று சொல்வது உள்ளே போய்ச் சேராது.

பேனலில் மாட்டும் விதத்தையும் கவனியுங்கள். மைக்கை ரப்பர் உறையில் பொதிந்து, முன்பக்கத் துளையோடு மட்டும் சேர்க்க வேண்டும். பேனலின் உட்பக்கம் திறந்திருந்தால் ஸ்பீக்கரின் பின்புற ஒலி நேராக மைக்குக்குள் புகும். இரண்டுக்கும் இடையில் ஒரு சாணாவது தூரம் இருக்கட்டும். ஃபேனுக்கு அருகில் கூரையில் ஸ்பீக்கர் வைக்கலாம், மைக்கை வைக்கவே கூடாது. தரையில் உட்கார்ந்திருப்பவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் குரலும் எட்டும்படி மைக் இடுப்புயரத்துக்குச் சற்று மேலே இருந்தால் போதும். இன்னொன்று: ஹவுஸ்கீப்பிங் அம்மாக்கள் தினமும் அந்த ஸ்டீல் பேனலைப் பாலிஷ் தெளித்துத் துடைக்கிறார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் மைக் துளை கொஞ்ச நாளில் அடைந்துவிடும். பின்னால் நீர் புகாத மெல்லிய படலம் உள்ள மைக் கேளுங்கள். துணியில் தெளித்துத் துடைக்கும்படி அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

அழைப்பு எங்கே போக வேண்டும்

இந்தப் பகுதியில் எனக்கு அவ்வளவு கடுமையான கருத்து இல்லை. கட்டடத்தைப் பொறுத்தது.

செக்யூரிட்டி அறைக்கு நேர்க் கம்பி என்பது எளிது, மாதச் செலவு இல்லை, எந்தக் கம்பெனியின் நெட்வொர்க்கையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் இரவில் ஒரே ஆள், அவரும் ரோந்துக்குப் போயிருந்தால்? மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

டெலிபோன் லைனில் தானாக எண் சுழற்றும் கருவி ஒரு காலத்தில் மிக நம்பகமானது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் 48 வோல்ட்டே அதற்குப் போதும். தெரு முழுக்க இருட்டினாலும் லைன் பேசும். இப்போது பெங்களூரில் பெரும்பாலும் செம்பு லைன் போய் ஃபைபர் வந்துவிட்டது. ஃபைபர் பெட்டியின் டெலிபோன் துளையில் அதே கருவியை மாட்டலாம்தான், ஆனால் அந்தப் பெட்டிக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் வேண்டும். கரண்ட் போகும்போதுதான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். யுபிஎஸ் இல்லாத ஃபைபர் பெட்டியை நம்பி அவசரக் கருவியை வைக்கக் கூடாது.

சிம் போட்ட 4ஜி கேட்வே, அதாவது செல்போன் நெட்வொர்க் வழியாக அழைக்கும் பெட்டி, இந்தக் குறையைத் தீர்க்கிறது. மெஷின் ரூமில் கேட்வே, ஆன்டெனா மொட்டைமாடியில், அங்கிருந்து கேபினுக்குக் கம்பி. கேபினுக்கு மேலேயே சிம் கருவியை வைத்தால் அடித்தளத்துக்குப் போகும்போது சிக்னல் விழும். 4ஜி வழியாகவே குரலை அனுப்பும் வோல்ட்டி (VoLTE) அழைப்பை ஆதரிக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். 4ஜி மட்டும் உள்ள நெட்வொர்க் சிம்மில் அது இல்லாமல் பேச்சு போகாது. செக்யூரிட்டி எடுக்கவில்லை என்றால் சூப்பர்வைசர், அவரும் இல்லை என்றால் லிஃப்ட் கம்பெனியின் ஹெல்ப்லைன் என்று வரிசையாக அழைக்க வைக்கலாம். இதன் பலவீனம் ரீசார்ஜ். பிரீபெய்டு சிம்மின் கெடு முடிந்தது தெரியாமல் கருவி சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அசோசியேஷன் பெயரில் போஸ்ட்பெய்டு எடுப்பது நல்லது.

இன்டர்நெட் வழிப் பேசும் ஐபி இண்டர்காம், புதிதாகக் கட்டும் பெரிய வளாகங்களுக்குப் பொருத்தம். பல டவர், ஒரே கட்டுப்பாட்டு அறை என்றால் அதுதான் சரி. பழைய கட்டடத்தில் சிக்கல் கேபிள். ஈதர்நெட்டுக்கு முறுக்கு ஜோடிகள் வேண்டும். நூறு மீட்டருக்கு மேல் போகாது. பழைய பட்டைக் கேபிளில் அது நிலையாக ஓடாது. இரண்டு கம்பியில் ஈதர்நெட் அனுப்பும் மாற்றிகள் உண்டு, ஆனால் பேட்டரியில் ஓட வேண்டிய பெட்டி இன்னும் இரண்டு கூடுகிறது. கேபினுக்குள் இருக்கும் சிசிடிவி கேமராவிலேயே மைக்கும் ஸ்பீக்கரும் இருக்கிறதே, அதையே இண்டர்காமாக வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். வைஃபையை நம்பி, பேட்டரி இல்லாமல் ஓடுவதை அவசரத் தொடர்புக்குக் கணக்கில் எடுக்க முடியாது.

எங்களுக்கு நான் எழுதிக்கொடுத்தது இது: கேபினில் தனி மைக், தனி ஸ்பீக்கர், அங்கேயே ஆம்ப்ளிஃபயர், செக்யூரிட்டி அறையில் ரிசீவர், அரை நிமிடம் யாரும் எடுக்காவிட்டால் மெஷின் ரூமிலிருக்கும் 4ஜி கேட்வே வழியாக அடுத்த எண்கள். இரண்டு லிஃப்டுக்கும் தனித்தனி லைன், தனித்தனி விளக்கு. மலிவு என்று இரண்டு கேபினையும் ஒரே லைனில் இணையாகக் கட்டித்தர ஒருவர் முன்வந்தார். கூடாது. எங்கள் செக்யூரிட்டிகளில் பாதிப்பேர் ஒடிசா, அசாம் பக்கத்துப் பையன்கள். இந்தி பேசுவார்கள், கொஞ்சம் கன்னடம். மகன் வீட்டுக்குத் திருவண்ணாமலையிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். எந்த லிஃப்டில் இருக்கிறார் என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் அந்தப் பையனை வைக்கக் கூடாது. விளக்கைப் பார்த்ததும் தெரிய வேண்டும். குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்துவதும் இதனால்தான். தெரிந்த மொழி என்றால் பாதி கேட்டாலே மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். தெரியாத மொழியில் ஒரு எழுத்தும் வீணாகக் கூடாது. பதிவு செய்த குரலை ஒலிக்கவைக்கும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. "உதவி வருகிறது, கதவைத் திறக்க முயல வேண்டாம்" என்பதைக் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் நம் குடியிருப்பு ஆட்களே பேசிப் பதிவு செய்துகொள்ளலாம்.

பேட்டரியும் சோதனையும்

லிஃப்டுகளுக்கு இந்தியாவில் இப்போதைய தரம் 2022இல் வந்த ஐஎஸ் 17900. கர்நாடகத்தில் இதற்கென்று 2012ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆய்வு செய்வது மின் ஆய்வுத் துறை. அவசர அழைப்புக்கு மட்டும் தனியாக விரிவான தரம் பார்க்க வேண்டும் என்றால் ஐரோப்பாவின் இஎன் 81-28 நல்ல அளவுகோல். கரண்ட் போனபிறகும் ஒரு மணி நேரமாவது பேச முடிய வேண்டும், மூன்று நாளுக்கு ஒருமுறையாவது கருவி தானாகவே சோதனை அழைப்பு செய்ய வேண்டும், அழைப்பு போய்விட்டது என்பதற்கு மஞ்சள் விளக்கும், எதிர்முனையில் பேசத் தயார் என்பதற்குப் பச்சை விளக்கும் எரிய வேண்டும் என்கிறது அது. அந்த இரண்டு விளக்கும் காது கேளாதவர்களுக்குப் பெரிய ஆறுதல். விலைப்பட்டியலில் இல்லாவிட்டால் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒரு மணி நேரம் என்பது கடினமான இலக்கே இல்லை. பன்னிரண்டு வோல்ட், ஏழு ஆம்பியர் மணி சீல்டு பேட்டரி ஒன்று இந்தச் சிறு கருவியைப் பல மணி நேரம் ஓட்டும், அது உயிரோடு இருந்தால். மொட்டைமாடி மெஷின் ரூம் வெயிலில் பேட்டரிக்கு ஆயுள் குறைவு. பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். வைக்கும்போதே தேதியை மேலே எழுதி, இரண்டு வருடத்தில் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுவது என்று கமிட்டி தீர்மானமே போட்டுவிடலாம். ஜெனரேட்டர் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். பெஸ்காம் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் இண்டர்காம் செத்துப் பிழைத்தால் அப்போது போய்க்கொண்டிருக்கும் அழைப்பு அறுந்துவிடும்.

கேபின் கூரை, ஷாஃப்டின் அடிப் பள்ளமான பிட், மெஷின் ரூம் ஆகிய இடங்களிலும் பேசும் முனை இருக்க வேண்டும். அது வேலை செய்ய வரும் டெக்னீஷியனின் உயிர்ப் பாதுகாப்பு. விலை குறைக்க அதை வெட்டச் சொல்லாதீர்கள். ஷாஃப்டுக்குள்ளும் கன்ட்ரோலரிலும் கைவைக்க வேண்டியது லிஃப்ட் கம்பெனி ஆட்கள் மட்டுமே. வெளி ஆளிடம் இண்டர்காம் வாங்கினாலும் கம்பிகளை இணைப்பது அவர்கள் முன்னிலையில் நடக்கட்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் தகராறு வரும்.

பணம் கொடுக்கும் முன் சோதனையை இப்படிச் செய்யுங்கள். லிஃப்டை நடு மாடிக்கு அனுப்பி, கதவை மூடி, ஃபேன் ஓடும்போது ஒருமுறை. மெயினை அணைத்துப் பேட்டரியில் ஒருமுறை. பக்கத்து லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை. டிரைவின் இரைச்சல் இருந்தால் மூன்றாவதில் பிடிபடும். உள்ளே நிற்பவர் பேனலுக்கு முதுகு காட்டி, எதிர் மூலையில் உட்கார்ந்து, ஒரு பெயரையும் வீட்டு எண்ணையும் இயல்பான குரலில் சொல்லட்டும். கீழே இருப்பவர் அதைத் தாளில் எழுதட்டும். எழுதியது சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். இதே சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸின்போது செய்து பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று ஏஎம்சி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு கம்பெனிகள் ஒப்புக்கொண்டுவிட்டன. மூன்றாவதன் பதில் இந்த வாரம் வர வேண்டும்.